முதுகுக்காரி பிலோமேன்

பிரெஞ்சுத் தலைநகரில் பத்தீஞோல் பக்கத்து ஓவியர்களிடம் பிலோமேன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. முதுகுக்காரி என்று கேட்டால் தெரியும். ஓவியக்கூடங்களில் கதவுக்கு உள்பக்கச் சுவரில் மாடல் பெண்களின் விலாசத்தைக் கரித்துண்டால் கிறுக்கி வைத்திருப்பார்கள். பெயர் இருக்காது. 'நல்ல கைகள், ரொட்டிக்கடைக்கு மேலே', 'செம்பட்டைக் கூந்தல், மூன்றாம் மாடி' என்று இருக்கும். பிலோமேனின் வரி எல்லாச் சுவரிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 'முதுகு, பாதம். முகம் வேண்டாம்.'

பன்னிரண்டு வயதில் அம்மை அவள் முகத்தைச் சல்லடையாக்கிவிட்டுப் போனது. கழுத்துக்குக் கீழே ஒரு தழும்பு இல்லை. "அம்மைக்கே உன் முதுகைத் தொட மனசு வரலடி" என்பாள் கைகளுக்கு மாடலாக இருக்கும் கைக்காரி க்ளோரிந்த். பிலோமேன் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். அதிகம் பேசுகிறவள் இல்லை. நாலு மணி நேரம் ஆடாமல் நிற்பது மற்றவர்களுக்குத் தண்டனை; அவளுக்கு அது இயல்பு.

அவளுக்கு ஒன்பது வயது இளையவள் தங்கை ஸெலி. தாய் இல்லாத பெண்ணை பிலோமேன்தான் வளர்த்தாள். அம்மை ஸெலியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அவளும் குறையில்லாதவள் அல்ல. இடது இமை சற்றுத் தாழ்ந்து, எப்போதும் இப்போதுதான் தூங்கி எழுந்தவள் மாதிரி இருக்கும். மூக்குத் தண்டில் சின்ன மேடு. வாயை மூடினால் கீழுதடு ஒரு பக்கமாக உள்ளே மடியும். இத்தனையும் சேர்ந்துதான் ஓவியர்களை அவள் முகத்துக்கு ஆள் அனுப்ப வைத்தன, தெருவில் போகிறவனைத் திரும்பிப் பார்க்க வைத்தன. அப்படித் திரும்பிப் பார்த்த ஒரு கூரை வேலைக்காரன் ஒரு வருஷம் கூட இருந்துவிட்டு, குழந்தை பிறப்பதற்குள் லியோன் நகரத்துப் பக்கம் போனவன் போனவன்தான். பிறந்த பெண்ணுக்கு நோயெமி என்று பெயர் வைத்தார்கள்.

ஜெர்மன்காரர்களோடு நடந்த போர் முடிந்து நாலாவது வருஷம், ஓவியர் வோக்லான் அக்கா தங்கை இருவரையும் ஒரே படத்துக்கு எடுத்துக்கொண்டார். கடலிலிருந்து எழுந்து வரும் விடியல் தேவதை. முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்க்கிறாள். "ஒருத்திக்குத் தலை, ஒருத்திக்கு முதுகு. கடவுள் சில்லறையாத்தான் குடுப்பார்" என்றார் வோக்லான். கை க்ளோரிந்துடையது. இடுப்பு ஒரு இத்தாலியக்காரியுடையது. கூந்தலுக்கு மேற்குக் கடற்கரைப் பிரெத்தோன் பெண் ஒருத்தி வந்து போனாள். உலகத்தில் எந்தப் பெண்ணும் முழுசாக அழகாயிருப்பதில்லை, சேர்த்துத்தான் ஆக்கவேண்டும் என்பது அவர் கட்சி. சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குகிறவர் மாதிரி நிதானமாக அதைச் சொல்வார். பொறுக்கியதிலும் சொத்தை இருந்தால், அலமாரியில் வரிசையாக வைத்திருந்த பழங்காலத்துச் சிலைகளின் பிளாஸ்டர் தலைகளைப் பார்த்துத் திருத்திக்கொள்வார்.

ஸெலி அப்போதே இருமிக்கொண்டிருந்தாள். ஐந்து நாள் தலைக்கு உட்கார்ந்தாள். பிப்ரவரியில் தர்ம ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். நோயெமிக்கு இரண்டு வயது.

ஸெலியின் போட்டோ ஒன்றுகூட இல்லை. எடுக்கலாம் என்று பிலோமேன் பல தடவை சொல்லியிருக்கிறாள். "என் மூஞ்சிதான் ஊரெல்லாம் சட்டம் போட்டுத் தொங்குதேக்கா, போட்டோ எதுக்கு?" என்று ஸெலி கேட்பாள்.

அடக்கம் முடிந்த மறு வாரம் வோக்லான் ஆள் அனுப்பினார். முதுகு இன்னும் முடியவில்லை. பிலோமேன் போனாள். அடுப்புக் கரிக்கும் ரொட்டிக்கும் வேறு வழி இல்லை என்பது ஒன்று. அந்தத் துணியில் ஸெலியின் முகம் இருக்கிறது என்பது இன்னொன்று. மற்றப் படங்கள் யார் யார் வீட்டுக்கோ போய்விட்டன; குழந்தைக்குக் காட்ட அவள் முகம் மிச்சமிருப்பது அங்கே மட்டும்தான். என்றைக்காவது நோயெமியின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, இதுதான் உன் அம்மா என்று காட்டவேண்டும். பிலோமேன் அதற்குப் பிறகு வேறு எதையும் கடவுளிடம் கேட்கவில்லை.

தரையில் அவள் பாதத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டது அப்படியே இருந்தது. உடுப்பைக் களைந்துவிட்டு அந்தக் கோட்டுக்குள் போய் நின்றாள். முதுகு ஓவியருக்கு, முகம் சுவருக்கு. அந்தச் சுவரில்தான் பெரிய கண்ணாடி சாய்த்து வைத்திருந்தது. வரைந்ததை இடவலம் மாற்றிப் பார்த்தால் பிழை தெரியும் என்று ஓவியர்கள் வைத்துக்கொள்ளும் கண்ணாடி; படத்தையும் அதன் பக்கம் திருப்பித்தான் நிறுத்தியிருந்தார். அதில் தன் தோளுக்குப் பின்னால் ஸெலி நிற்பதை பிலோமேன் பார்த்தாள். கழுத்துவரைக்கும் பிலோமேன்; கழுத்துக்கு மேல் ஸெலி. இருமி முடித்து, மூச்சு வாங்க வாயை மூடிக்கொண்டு, என்னக்கா என்று கேட்கப் போகிறவள் மாதிரி.

ஒரு பக்கம் அடுப்பு சுட்டது, மறு பக்கம் குளிர் குத்தியது. அவள் அசையவில்லை. இளைப்பாறும் நேரம் வந்ததும் போர்வையைச் சுற்றிக்கொண்டு அங்கேயே நின்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மூக்கின் மேடு போயிருந்தது.

அவள் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். ஐந்தாம் நாள் நெற்றியும் மூக்கும் ஒரே கோடாக இறங்கின. வோக்லான் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டர் தலையை இறக்கி, பக்கத்து முக்காலியில் வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்ப்பார், தூரிகையால் படத்தைத் தொடுவார், பின்வாங்கிக் கண்ணாடியைப் பார்ப்பார். அடுத்த வாரம் கீழுதடு நேரானது. பிலோமேன் தன் கழுத்துக்கு மேலே தங்கை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போவதை அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில்கூட அவ்வளவு நேரம் பக்கத்தில் இருக்க விடவில்லை.

கண்ணுக்கு வந்தபோதுதான் வாயைத் திறந்தாள். நிற்கும்போது மாடல் பேசக்கூடாது. ஆனாலும் திரும்பாமலே சொன்னாள்.

"ஐயா, அந்தக் கண்ணை மட்டும் அப்படியே விட்டுடுங்க."

"எந்தக் கண்ணை?"

"இடது கண்ணு. அது அவளோடது. அவ கொழந்தை என்னைக்காவது வந்து பார்க்கும்."

வோக்லான் கெட்டவர் இல்லை. தூரிகையைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "தேவதைக்குத் தூக்கம் வராது பிலோமேன். நான் அவளை ஒண்ணும் அழிக்கலை. அவ எப்படி இருந்திருக்கணுமோ அப்படி ஆக்கறேன்."

அந்த வார்த்தை அவளுக்குப் பெரிய வார்த்தையாகப் பட்டது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு அதை மறுக்கத் தெரியவில்லை. மறுநாள் இமை இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தன.

மே மாதக் கண்காட்சியில் படத்தைத் தொங்கவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இலவசம் என்பதால் க்ளோரிந்தும் இத்தாலியக்காரியும் பிலோமேனை இழுத்துக்கொண்டு போனார்கள். நோயெமி அவள் இடுப்பில். படத்துக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். தொப்பியைக் கையில் பிடித்த ஒரு பெரிய மனிதர், இப்படி ஒருத்தி பூமியில் பிறக்கமாட்டாள் என்று பெருமூச்சு விட்டார். "பொறந்திருக்கோம் சாமி, அஞ்சு பேரா" என்றாள் க்ளோரிந்த். "அந்தப் பாதம் இதோ, கிழிஞ்ச செருப்புல நிக்குது பாருங்க." இத்தாலியக்காரி சிரித்ததில் காவலாள் வந்து அதட்டினான்.

பிலோமேன் சிரிக்கவில்லை. குழந்தையைத் தூக்கிப் பிடித்து, "பாரும்மா, அம்மா" என்றாள். வேறு என்ன செய்வது? இதையும் விட்டால் ஒன்றுமே இல்லை. நோயெமி கையை நீட்டி, "அம்மா" என்றது.

அந்த ஆண்டே படம் கடல் தாண்டிப் போய்விட்டது. ஆனால் காகிதக்கடைகளில் அதை அட்டையில் அச்சடித்து விற்றார்கள். பிலோமேன் ஒன்று வாங்கி, நோயெமியின் கட்டிலுக்கு மேலே ஆணியடித்து மாட்டினாள். நாள் தவறாமல் படுக்குமுன் குழந்தை அதற்கு முத்தம் கொடுத்தது. பார்த்தவர்கள் எல்லோரும் அம்மாவை மெச்சினார்கள். பக்கத்து வீட்டு மாவு அரைப்பவனின் பெண்டாட்டி, "உங்கம்மா ராணி மாதிரிடி, நீ யாரைக் கொண்டு இப்படிப் பொறந்தே?" என்று வம்பு பண்ணினால் நோயெமிக்கு அழுகை வந்துவிடும்.

ஆரம்பத்தில் பிலோமேன் மனசுக்குள் திருத்திக்கொள்வாள். அட்டையைப் பார்க்கும்போது இமையைத் தாழ்த்துவாள், மூக்கில் மேட்டை வைப்பாள், உதட்டை மடிப்பாள். பிறகு துணி தேய்க்கும் வேலைக்குப் போனாள். முதுகுக்கு வயதாகி, சுவர்களில் அவள் வரியை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார்கள். அட்டையைத் திருத்த நேரமில்லாமல் போனது. ஸெலி கனவில் வருவாள். ஒருநாள் கனவில் வந்தவள் வோக்லான் திருத்திய முகத்தோடு வந்தாள். இருமினாள், இருமும்போதும் முகம் கலையவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் அப்படியேதான் வந்தாள். அம்மாவின் கண் எப்படி இருக்கும் என்று நோயெமி கேட்டால், இடது இமை தாழ்ந்திருக்கும் என்று பிலோமேன் சொல்வாள். சொல்வதுதான், உள்ளே ஒன்றும் தெரியாது. பாடம் ஒப்பிப்பது போல் வாய் மட்டும் சொல்லும்.

நோயெமிக்கு ஒன்பது வயதானபோது, வோக்லான் கண் மங்கிப்போய்த் தெற்கே தன் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். கூடத்தைக் காலி பண்ணுகிறார் என்று க்ளோரிந்த் வந்து சொன்னாள். பிலோமேன் இஸ்திரியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினாள். அந்த ஐந்து நாள் ஸெலி தலைக்கு உட்கார்ந்தாளே, அப்போது முதலில் காகிதத்தில் வரைந்திருப்பாரே, அது எங்கே என்று கேட்டாள். இத்தனை வருஷம் இதைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

வோக்லான் ஒரு பெரிய அட்டை உறையைத் தள்ளினார். "முப்பது வருஷத்துத் தலைங்க எல்லாம் இதுல. பேரு போடற பழக்கம் இல்ல. ஒன்னோட தங்கச்சியை எடுத்துக்கோ, ஒண்ணும் தரவேண்டாம்."

அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சாம்பல் நிறக் காகிதத்தில் பெண்கள், பெண்கள். சிலரைத் தெரியும், பாதிப்பேர் செத்துப்போனவர்கள். எல்லோரும் யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் போல் இருந்தார்கள். பிறகு அவள் கண்டுபிடித்தாள். ஒருபக்கம் திரும்பிய முகம். கீழே பார்க்கும் கண்கள். நெற்றியிலிருந்து நேராக இறங்கும் மூக்கு. காகிதத்தை மார்போடு சேர்த்துக்கொண்டு எழுந்தாள்.

வோக்லான் அதை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய், கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பார்த்தார்.

"இது பொண்ணே இல்ல பிலோமேன்" என்றார். "பிளாஸ்டர். அதோ, அலமாரியில இருக்கே, அந்தத் தலை."

அவள் அலமாரியைப் பார்த்தாள்.

"ஸெலியை இப்பதான் நீயே புரட்டி ஓரமா வெச்சே. அந்த மூணாவது. கோடு ஆடியிருக்கு பாரு, அன்னிக்கு இருமிக்கிட்டே உட்கார்ந்திருந்தா. தாடைகிட்ட ரெண்டு தடவை போடவேண்டியதாப் போச்சு."

பிலோமேன் குனிந்து அதை எடுத்தாள். இளைத்த பெண் ஒருத்தி. ஒரு கண் தூங்குகிறது. மூக்கு மேடு. கீழுதடு ஒரு பக்கம் மடிந்திருக்கிறது. இத்தனை வருஷம் வாயால் ஒப்பித்த எல்லாம் இருக்கின்றன. இருந்தும் அந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியவில்லை. முன்பின் பார்த்த முகமாகவே படவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தால் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. காகிதத்துப் பெண்தான் அவளை அடையாளம் தெரிந்தவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையின் மூன்றாவது நாற்காலியில் அதைச் சாய்த்து வைத்தாள். நோயெமி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "யாரு இவங்க?" என்றாள்.

"உங்கம்மா."

நோயெமி கட்டிலுக்கு மேலிருந்த அட்டையைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். "இல்ல. இவங்க யாரோ ஒடம்பு சரியில்லாதவங்க."

"ஒடம்பு சரியில்லாமத்தான் இருந்தா. ஓவியர்கிட்ட நெறைய படம் இருந்துச்சு, அதுல இது."

"பெரியம்மா, நெறைய படம் இருந்துச்சுன்னியே. பார்த்த ஒடனே ஒனக்கு அடையாளம் தெரிஞ்சுதா?"

ஒரு பொய் போதும். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் நாற்காலியில் இருந்தவள் முன்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"தெரியலம்மா. ஓவியர் சொல்லித்தான் தெரிஞ்சுது."

நோயெமி பையைக் கழற்றி வைத்துவிட்டு மேசைக்கு வந்தாள். பிலோமேன் வெங்காய சூப்பைச் சுடவைத்து இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். குடிக்கும்போது சிறுமி இரண்டு தடவை அந்த நாற்காலிப் பக்கம் திருட்டுத்தனமாகப் பார்த்தாள். பிலோமேன் தலை நிமிரவில்லை. முதல்முதலாக வீட்டுக்கு வந்திருப்பவளை அப்படி உற்றுப் பார்க்கக்கூடாது என்று அவளுக்கே தோன்றியது.