இறுக்காமல் போட்ட மஞ்சள் கோடு

என் கணவர் ஓட்டவிருந்த காரை நான்தான் கெடுத்தேன். தெரிந்தே கெடுத்தேன். கை தவறியது, கவனம் பிசகியது என்று சொல்லிக்கொள்ள எந்தச் சாக்கும் என்னிடம் இல்லை.

இதை வாசிக்கும் நீங்கள் யாரோ... எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் சொல்ல முடிகிறது. தெரிந்தவர் ஒருவரிடம் வாய் திறந்திருந்தால், மாலை ஷிப்ட் விடுவதற்குள் நாங்கள் குடியிருக்கும் மூக்கண்டப்பள்ளி முழுக்க என் பெயர் நாறியிருக்கும்.

நான் ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், கடைசிப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவள். என் கணவர் கதிரேசனுக்கு வேறொரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு வேலை. போன ஆண்டு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ரத்தக்குழாய் அடைப்பில் ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிவலை வைத்தார்கள். இனி பயமில்லை, வேலைக்குப் போகலாம், வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்! பக்கத்தில் படுத்துக்கொண்டு மூச்சு வருகிறதா என்று பார்ப்பவள் நானல்லவா?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் பேச்சைக் குறைத்துவிட்டார். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொள்வார். நான் பார்ப்பது தெரிந்தால் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோல் நடிப்பார். நானும் பார்க்காததுபோல் நடிப்பேன். அப்படித்தான் எங்கள் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் நஞ்சப்பா வந்து சேர்ந்தார். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் தக்காளியும் ரோஜாவும் பயிரிடுகிறவர். என் கணவரின் நெடுநாள் சிநேகிதர். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். அவருடைய அப்பா ஓட்டிய அம்பாசிடர் ஒன்று உரமூட்டைகளுக்கு நடுவே கொட்டகையில் நின்று துருப்பிடித்துக் கொண்டிருந்தது.

பெங்களூரில் பழைய கார்ப் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து ஒரு பயணம் ஏற்பாடு செய்திருந்தார்கள். கிழட்டு வண்டிகளாகப் பார்த்து ராஜஸ்தான் பாலைவனம் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும். போய்த் திரும்பும் ஒவ்வொரு வண்டிக்கும் நன்கொடை சேரும். சேர்வதை வைத்து, சிறப்புக் குழந்தைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு வேன் வாங்கித் தருவதாக ஏற்பாடு. நஞ்சப்பா பெயர் கொடுத்துவிட்டார். கூட ஓட்டப்போவது யார் தெரியுமா? என் வீட்டுக்காரர்!

நல்ல காரியம்தான். யார் இல்லையென்றார்கள்? ஆனால் மணலைத் தவிர வேறொன்றும் இல்லாத அந்த வெயிலில் அவருக்கு வலி வந்தால்... ஆஸ்பத்திரி எங்கே, ஆம்புலன்ஸ் எங்கே? வேண்டாம் என்று கெஞ்சினேன். சண்டை போட்டேன். சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்தேன். எதுவும் பலிக்கவில்லை.

நஞ்சப்பா என்னைச் சமாதானம் செய்ய ஒருநாள் வீட்டுக்கே வந்தார். “எதுவும் ஆவாது அக்கா. நான் கூடவே போறேன் இல்ல?” என்றார். நீங்கள் என்ன இதய டாக்டரா என்று கேட்டேன். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தக் காரைப் பழுதுபார்க்கத் தொடங்கியதும் என் கணவர் பழையபடி மனிதராகிவிட்டார். ஞாயிறு விடிந்தால் அணைப் பக்கம் கிளம்பிவிடுவார். கையெல்லாம் கிரீஸோடு வந்து, கார்புரேட்டரைப் பற்றி எனக்கு வகுப்பு எடுப்பார். சிரித்தார். வழக்கத்துக்கு மேல் ஒரு தோசை கேட்டார். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேனா? பட்டேன். ஆனாலும் அந்தக் காரை வெறுத்தேன்.

இப்போது அந்த மஞ்சள் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிற்சாலைகளில் ஒரு திருகை முழுதாக இறுக்கியதும், திருகின் தலையிலிருந்து அடிப்பாகம் வரை மஞ்சள் மார்க்கரால் ஒரே கோடாக இழுப்போம். இறுக்கியாயிற்று என்பதற்கு அதுதான் அடையாளம். பின்னால் அதிர்வில் திருகு தளர்ந்து திரும்பினால் கோடு உடைந்து இரண்டாகத் தெரியும். கோடு நேராக இருந்தால் யாரும் அதில் கைவைக்க மாட்டார்கள். வைக்கவும் கூடாது. கோடு போட்டவரை நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பழக்கத்தை அவர் நஞ்சப்பாவின் கொட்டகைக்கும் கொண்டுபோய்விட்டார். கடைசியாக எல்லாத் திருகுகளையும் பார்த்து இறுக்கிக் கோடு போடும் வேலைக்கு என்னை அழைத்தார். “உன் கோடு விழுந்துட்டா நான் திரும்பப் பாக்க மாட்டேன் சாந்தி,” என்றார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் அந்த வேலையைக் கொடுத்தாரோ என்னவோ. என் கை பட்ட வண்டி என்றால் என் பயம் குறையும் என்று நினைத்திருக்கலாம்.

போனேன். ஒவ்வொன்றாக இறுக்கினேன். சக்கரம், பிரேக், ஸ்டியரிங் எதிலும் நான் குறை வைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்! அவரைக் கொல்ல நினைத்தவளல்ல நான்.

ரேடியேட்டருக்குக் கீழே தண்ணீர்க் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப் ஒன்று உண்டு. அதன் திருகை மட்டும் நான் முழுதாக இறுக்கவில்லை. குளிர்ந்திருக்கும்போது பிடித்துக்கொள்ளும், எஞ்சின் சூடேறினால் கசியும். அந்த அளவில் விட்டுவிட்டு, அதன்மேல் நேராக, அழகாக, மஞ்சள் கோட்டை இழுத்தேன். கோடு எங்கும் பிசகவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு ஆச்சரியம்.

மறுநாள் வெள்ளோட்டம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போய்த் திரும்புவதாகப் பேச்சு. சூளகிரி தாண்டுவதற்குள் தண்ணீர் வடிந்து, எஞ்சின் கொதித்து, வண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் ஏதாவது டீக்கடைப் பக்கம் நின்றுவிடும் என்பது என் கணக்கு. இந்த ஓட்டைக் காரா பாலைவனம் போகும் என்று நாலுபேர் சிரிப்பார்கள். நஞ்சப்பா கைவிட்டுவிடுவார். என் கணவர் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். இருக்கட்டுமே! உயிரோடு இருந்தால்தானே முகத்தைத் தூக்கி வைக்க முடியும்?

ஆனால் அந்தக் கிழட்டு வண்டி என் கணக்கை மதிக்கவில்லை. சொட்டுச் சொட்டாக வடியவிட்டுக்கொண்டே கிருஷ்ணகிரி வரை போய்விட்டது! திரும்பும்போது நெடுஞ்சாலையில் லாரி ஒன்று கவிழ்ந்து ஒரே நெரிசல். அதனால் இருவரும் ராயக்கோட்டை வழியாகச் சுற்றி வந்திருக்கிறார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் அவர் போன் செய்தார். “சாந்தி, வண்டி நின்னுருச்சு,” என்றார்.

எனக்குள் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? நிம்மதி. ‘அப்பாடா, இனி போகமாட்டார்’ என்ற நிம்மதி! அதை அனுபவித்து முடிப்பதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார். “சானமாவு காட்டுக்குள்ள நிக்கிறோம். முன்னால ரோட்டுல ஆனை நிக்குது.” குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். உடனே போன் கட்டாகிவிட்டது.

ராகி முற்றும் காலத்தில் சானமாவில் யானை இறங்குவது இங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எல்லாம் தெரிந்த நான்தான் அவரை அங்கே நிறுத்தியிருந்தேன்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். காட்டுக்கு முன்னால் வனத்துறைக்காரர்கள் வண்டிகளை மறித்திருந்தார்கள். தக்காளி வேன்கள், கம்பெனி பஸ், லாரி எல்லாம் வரிசையாக நின்றன. உள்ளே ஒரு பழைய கார் நிற்கிறதா என்று காவலர் ஒருவரிடம் கேட்டேன். நிற்கிறது, இரண்டு பேர் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருக்கிறார்கள், யானைக் கூட்டம் காரைச் சுற்றித்தான் கடக்கிறது என்றார். “ஆரன் அடிக்காம, எறங்காம இருந்தா ஒண்ணும் பண்ணாதுமா,” என்றார்.

யானை ஒன்றும் பண்ணாது. சரி. அந்த நெஞ்சு? சின்னஞ்சிறு கம்பி ஒன்றை உள்ளே வைத்துத் தைரியம் சொல்லி அனுப்பிய அந்த நெஞ்சு தாங்குமா? பாலைவனத்தில் வரக்கூடும் என்று நான் பயந்த வலியை, வீட்டுக்குப் பக்கத்திலேயே நானே வரவழைத்துவிட்டேனே! கம்பெனி பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். யாருக்காக அழுகிறீர்கள் என்று கேட்டாள். வீட்டுக்காரருக்காக என்றேன். பாவம், என்னைத் தேற்றினாள். நான் செய்ததை அவளிடம் சொல்லியிருந்தால் கையை எடுத்திருப்பாள்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். ஒருவழியாக, யானைகளை விரட்ட வனத்துறைக்காரர்கள் வெடித்த பட்டாசுச் சத்தம் தூரப் போனது. வழி திறந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த ஒரு தக்காளி வேன், கயிறு கட்டி அந்த அம்பாசிடரை இழுத்துக்கொண்டு வந்தது.

அவர் இறங்கினார். தன் காலால் இறங்கினார்! சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆனால் முகம்... அந்த முகத்தை நான் கல்யாணமான புதிதில் பார்த்தது. என் கையைப் பிடித்து எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார்.

“குட்டியோட ஒரு தாய் ஆனை இந்தா, கண்ணாடிக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு சாந்தி. ஒண்ணும் ஆகல பாரு. வலிக்கவே இல்ல.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளும் என்னைவிட அவர்தான் அதிகம் பயந்துகொண்டிருந்திருக்கிறார். அன்று அவருக்கு அந்தப் பயம் விட்டுப்போனது. எனக்கும் போனது. நடுரோட்டில், அத்தனை பேர் பார்க்க, அவர் தோளில் அடித்து அடித்து அழுதேன். அந்த நிம்மதியைப் போல ஒன்று என் வாழ்நாளில் எனக்கு வாய்த்ததில்லை. இப்போது எழுதும்போதும் மனசு லேசாகிறது. பொய் சொல்லமாட்டேன், இந்தக் கதையில் எனக்குப் பெரிதாக மிஞ்சியிருப்பது அந்த நிம்மதிதான்.

ஆனால் அத்துடன் முடியவில்லை.

மறுநாள் கொட்டகையில் பானெட்டைத் திறந்தார்கள். நானும் போயிருந்தேன். கிளிப் கழன்றிருப்பதை நஞ்சப்பாதான் கண்டுபிடித்தார். அவர் விவசாயி, எங்கள் கோடு அவருக்கு வெறும் பெயின்ட். என் கணவர் குனிந்தார். திருகு தளர்ந்திருந்தது. அதன்மேல் மஞ்சள் கோடு உடையாமல், நேராக இருந்தது. தளர்ந்த திருகில் நேர்க்கோடு என்றால் அதற்கு ஒரே பொருள்தான், கோடு போட்டவர் இறுக்கவே இல்லை. இத்தனை ஆண்டு தொழிற்சாலையில் இருந்தவருக்கு அது தெரியாதா?

குனிந்தபடியே விரலால் கோட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு நஞ்சப்பாவைப் பார்த்து, “ரோட்டுக் குலுக்கல்ல லூசாகியிருக்கும்,” என்றார். பெட்ரோலில் நனைத்த துணியால் கோட்டைத் துடைத்தார். என் பக்கம் திரும்பாமலே திருப்புளியை நீட்டினார். எல்லாவற்றையும் மறுபடி ஒருதரம் நானே பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, கைகழுவப் போய்விட்டார்.

பார்த்தேன். ஒன்றுவிடாமல் இறுக்கினேன். அந்தக் கிளிப்பை இறுக்கிவிட்டு, திரும்பவும் இறுக்கினேன். அவர் ஒன்றையும் சரிபார்க்கவில்லை. அது நம்பிக்கையா? தண்டனையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

போனார்கள். மணலில் புதைந்தார்கள், தள்ளினார்கள், கறுத்துப்போய்த் திரும்பி வந்தார்கள். பள்ளிக்கு வேன் வந்தது. வேன் சாவி கொடுத்த விழாவில் நஞ்சப்பா என்னை மேடைக்கு இழுத்து, இந்த அக்கா கைவைத்த திருகு ஒன்றுகூட வழியில் கழலவில்லை என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் கும்பிட்டேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளும் கைதட்டினார்கள். வண்டியைக் கெடுத்த அன்று அவர்களைப் பற்றி நான் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. என் கணவரும் கைதட்டினார்.

அன்று மாலை எப்படியாவது சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றேன்.

“என்னங்க... அந்தக் கிளிப்பு...”

டிவியின் சத்தத்தைக் குறைத்தார். என்னை நேராகப் பார்த்தார்.

“எந்தக் கிளிப்பு?”

அவர் கண்ணில் கோபம் இல்லை. காத்திருந்தது மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை போதும்... ஒரே வார்த்தை! என் நாக்கு எங்கே போனது?

“கேஸ் டியூப் கிளிப்பு. லூசா இருக்கற மாதிரி இருக்கு.”

ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, திருப்புளியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அடுப்புக்கு அடியில் அவர் மண்டியிட்டுக் குனியும் சத்தம் கேட்டது. நான் கூடத்திலேயே நின்றேன். லூசாக இல்லாத ஒன்றை அவர் அங்கே நிதானமாக இறுக்கிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து, “சரியாயிருச்சு,” என்றார். சத்தத்தைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.