பொன்னுத்தங்கம் டீச்சரின் எரிமலை

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வரும் பொன்னுத்தங்கம் டீச்சர், நேராக வாசலோர ஜன்னலுக்குப் போய், இரும்புக் கம்பியில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து ஒரு மூச்சு நிற்கிறார். பிறகுதான் புரொஜெக்டர் பிளக்கைத் தொடுகிறார். ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைக்கும்வரை ஒரு வருடம் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவர். அங்கே வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பின் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும். அந்தப் பழக்கம் கையில் தங்கிவிட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் அதே கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் பெஞ்சுக்குப் போகிறார்கள். யாரும் சொல்லித்தரவில்லை. பட்டாசு ஆலை வாசலில் அவர்களுடைய அம்மாக்கள் தினமும் செய்கிற காரியம்.

வட்டார வள மையத்தின் ஒரே புரொஜெக்டரைப் பஸ்ஸில் ஊர் ஊராகத் தூக்கிப் போவது அந்த 2008-இல் என் வேலை. வெம்பக்கோட்டைப் பக்கம் உள்ள இந்தப் பள்ளிக்கு அது வருவது அன்று ஒருநாள்தான். டீச்சர் ஒரு வாரமாகவே தரையில் நிற்கவில்லையாம். மாப்பிள்ளை வீட்டார் வருகிற மாதிரி அலைகிறீர்களே என்று தலைமையாசிரியர் பலவேசம் கேட்டதற்கு, “மாப்பிள்ள வந்தா காப்பியோட போச்சு சார். வாறது எரிமலைல்ல” என்றாராம்.

திரை அவர் கைவேலை. சிவகாசி அச்சகத்தில் கழித்துப்போட்ட காலண்டர் தாள்களை வாங்கிவந்து, மைதாப் பசையால் ஒட்டி, வெள்ளைப் பின்பக்கம் தெரியும்படி தெற்கு ஜன்னலை மறைத்துத் தொங்கவிட்டிருந்தார். நான் புரொஜெக்டர் விளக்கைப் போட்டதும் எரிமலை வந்தது. கூடவே, பின்னாலிருந்து வெயில் ஊடுருவி, அதன் வாயில் ஒரு மயிலும் வந்தது. மயிலுக்கு மேலே முருகன். டீச்சர் இடுப்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நீரு அங்கன நிக்கக்கூடாதுய்யா, பொசுங்கிப் போவீரு” என்று முருகனிடமே சொல்லிவிட்டு, சாக்குகளை மடித்து ஜன்னலில் அடைத்தார்.

பிள்ளைகள் வருமுன் ஒரு ஒத்திகை. காலி பெஞ்சுகளைப் பார்த்துக் கேள்வி கேட்டார். மூன்றாவது பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, எழுந்து, தப்பான பதில் ஒன்றைச் சொன்னார். திரும்பிவந்து அதைத் திருத்தினார். என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். காதோரம் நரைத்தவருக்குச் சின்னப்பிள்ளையின் சிரிப்பு.

பையிலிருந்து ஸ்பீக்கர்களை நான் எடுத்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. மேசைமேல் சும்மா இருக்கட்டும், இணைக்க வேண்டாம் என்றார். ஆடி மாதம் ஒரு பட்டாசு ஆலையில் நடந்த விபத்தில் ரோஜா என்ற பிள்ளையின் அம்மாவுக்குக் கை வெந்துபோய், இன்னும் மதுரை ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ரோஜா இந்த வாரம்தான் பள்ளிக்குத் திரும்பியிருக்கிறாள். டஸ்டர் கீழே விழுந்தாலும் வெளியே ஓடுகிறாள். “இன்னொருக்க ஓடுனா, அவுக அப்பா பிள்ளைய வீட்டோட நிறுத்திருவேங்காரு தம்பி. இன்னைக்கு அவ முழுப் பாடமும் உக்காரணும். எனக்கு அம்புட்டுதான்.” அந்தப் பாடத்தையே தள்ளிப்போட்டிருக்கலாமே என்றேன். புரொஜெக்டர் இனி எப்போது வரும் என்று திருப்பிக் கேட்டார். ஸ்பீக்கர்களை இணைக்காமல் மேசைமேல் வைத்தேன்.

பிள்ளைகள் வந்தார்கள். கம்பியைத் தொட்டார்கள். கதவோரம் உட்காரப் போன ரோஜாவை டீச்சர் தடுக்கவில்லை, கதவையும் சாத்தவில்லை. மற்ற ஜன்னல்களைச் சாத்தியதும் அறை ஓரளவு இருண்டது. மலை பிளந்து ஓசையில்லாமல் நெருப்பு எழும்பியபோது வகுப்பே பெஞ்சைவிட்டு எழும்பியது. ஓசைக்கு டீச்சர் இருந்தார். கையை விரித்து, குனிந்து, நிமிர்ந்து, நெருப்புக் குழம்பு ஓடுகிற பக்கமெல்லாம் கூடவே ஓடினார். பூச்சட்டிப் புஸ்வாணம் மாதிரி இருக்கிறது என்று ஒரு குரல். மருந்து எத்தனை கிலோ பிடிக்கும் என்று இன்னொன்று. முன்பெஞ்சுக் காளிராஜ் கூர்ந்து பார்த்துவிட்டு, “இதுக்குத் திரி எங்கன டீச்சர் இருக்கு?” என்றான். “ஏலே, திரி இல்லாம வெடிக்கிறதுதாம்லே எரிமலை” என்றார். கேள்விகள் கொட்டத் தொடங்கின. எனக்கே கைதூக்க வேண்டும்போல் இருந்தது.

கதவோரம் இருந்த ரோஜா எழுந்தாள். டீச்சரின் பேச்சு பாதியில் நின்றது. அவள் வெளியே போகவில்லை. மேசையருகே வந்து ஸ்பீக்கர்களைப் பார்த்தாள்.

“எனக்காகத்தான இத மாட்டாம வச்சிருக்கீக?”

டீச்சர் வயரை எடுத்து ஓரமாக வைக்கப் போனார்.

“சத்தத்த வைங்க டீச்சர். நானும் கேக்கேன்.”

டீச்சர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வயரைச் செருகினேன். குமிழை ரோஜாவையே திருகச் சொன்னார். அவள் மெல்லத் திருகினாள். முதலில் தூரத்து லாரிபோல ஓர் உறுமல். இன்னும் திருகினாள். மலை அறைக்குள் வந்தது. மேசைமேல் சாக்பீஸ் அதிர்ந்தது. டீச்சர் அவள் பின்னால் வந்து நின்று, தோளில் கை வைத்து, இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்திப் பாடத்தைத் தொடர்ந்தார். ரோஜா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாடம் முடிகிறவரை அந்தக் கை அவள் தோளிலேயே இருந்தது.

தீபாவளிக்கு முந்தைய நாள் சிவகாசி பஸ் நிலையத்தில் பலவேசம் சாரைப் பார்த்தேன். ரோஜா தவறாமல் வருகிறாள் என்றார். டீச்சரை விசாரித்தேன்.

“அவுக இன்னைக்கு ஊர்ல இருப்பாகளா? வருசா வருசம் தீபாவளிக்கு ரயிலேறி எங்கனயாச்சும் மலைப்பக்கம் போயிருவாக. டீச்சராகுமுன்ன கம்பெனிக்குப் போனாகளே, அப்ப பக்கத்து ஷெட்டு வெடிச்சதாம். அன்னையிலிருந்து சின்ன ஓலவெடிச் சத்தம் கேட்டாக்கூடத் தனியா நிக்க மாட்டாக தம்பி. பக்கத்துல யாரையாச்சும் பிடிச்சுக்கிடணும்.”