நீலமாகாத கைக்குட்டை

பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளைப் பேசவிட்டுப் பாடம் நடத்துகிறவள் என்று எனக்கே என்மேல் ஒரு பெருமை உண்டு. அன்றும் அப்படித்தான், "ஐஸ் வாட்டர் டம்ளருக்கு வெளியே ஏன் தண்ணி முத்து முத்தா நிக்குது?" என்று கேட்டேன்.

கடைசி பெஞ்சு ரேவதி எழுந்து, "உள்ள இருக்கிற தண்ணிதான் கசிஞ்சு வருது மிஸ்" என்றாள்.

"தப்பு. உட்காரு."

வகுப்பே சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன். பிறகு, காற்றில் இருக்கிற நீராவிதான் குளிர்ந்து படிகிறது என்று புத்தகத்தில் இருந்த பதிலைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மறுநாள் ரேவதி ஒரு கண்ணாடி பாட்டிலோடு வந்தாள். எதிர்க்கடையில் வாங்கிய ஐஸ் வாட்டரில் நீல மை கலந்திருந்தாள். பாட்டில் வெளியே வியர்த்திருந்தது. என் வெள்ளைக் கைக்குட்டையைக் கேட்டு வாங்கி, எல்லோர் முன்னாலும் துடைத்துக் காட்டினாள். கைக்குட்டை நனைந்தது, நீலம் ஒட்டவில்லை.

"நான் சொன்னது தப்புதான் மிஸ். கசிஞ்சிருந்தா நீலமா இருந்திருக்கும்ல? நேத்து நீங்க தப்புன்னு மட்டும் சொன்னீங்க, எப்படித் தப்புன்னு சொல்லல. அதான் செஞ்சு பார்த்தேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "அப்ப இந்தத் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?" என்று முன் பெஞ்சில் ஒருத்தி கேட்க, ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். முந்தின நாள் அந்தப் பதிலை நோட்டில் எழுதிக்கொண்ட அதே பிள்ளைகள்.

ரேவதி திருப்பித் தந்த ஈரக் கைக்குட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். பதினோரு வருஷமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். ஒரு தடவைகூட நான் துடைத்துப் பார்த்ததில்லை.