மாற்று ஆளும் மாற்றுத் துப்பாக்கியும்

பல்செட்காரர் வீட்டில் எல்லாமே இரண்டிரண்டாக இருக்கும். கதவருகே குடை இரண்டு, மூக்குக்கண்ணாடி இரண்டு, அலமாரிச் சாவி இரண்டு. ஒரு சாவி தொலைந்தால் இன்னொன்று எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்த சீட்டும் இரண்டு. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் வரிசை செய்து கொடுப்பது அவர் தொழில். அங்கேயும் இதே கதைதான். ஒரு அச்சு வந்தால் இரண்டு வார்ப்பு எடுத்து வைப்பார். ஒன்று கை தவறி விழுந்து உடைந்தால் என்ன செய்வது என்று கேட்பார். இருபத்திரண்டு வருஷத்தில் மூன்று தடவை அப்படி விழுந்திருக்கிறது. மூன்றையும் தேதியோடு சொல்வார்.

"உங்களுக்கு எல்லாத்துலயும் எக்ஸ்ட்ரா ஒண்ணு வேணும்," என்பாள் மனைவி. "பொண்டாட்டி விஷயத்துல மட்டும் ஒண்ணோட நிறுத்திட்டீங்க, அதுவரைக்கும் சந்தோஷம்."

இதற்கு என்ன பதில் சொன்னாலும் வம்பில்தான் முடியும் என்று தெரிந்த மனுஷர். செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் துப்பாக்கி கிளப்புக்குக் கிளம்பிவிடுவார். துப்பாக்கி என்றதும் யாரும் பயந்துவிட வேண்டாம். காற்றை அடைத்துச் சுடுகிற கைத்துப்பாக்கி. பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை, அதன் நடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வட்டம். அந்த வட்டத்தில் பட்டால் பத்து மதிப்பெண், தள்ளிப் போகப் போகக் குறையும். நாற்பது குண்டு, மொத்தம் நானூறு. ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். நிற்கிறவர்களுக்கு நெஞ்சு தொண்டை வரைக்கும் வந்து அடைக்கும்.

அவரிடம் துப்பாக்கியும் இரண்டு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டின் கைப்பிடியையும் தன் கைக்கு அளவெடுத்து அவரே செய்திருந்தார். பல்செட்டுக்கு ஈறு செய்கிற அதே பொருளைக் குழைத்து, உள்ளங்கையின் மேடு பள்ளமெல்லாம் பதியும்படி வார்த்தது. பிடித்தால் கை அதில் போய்ப் பாந்தமாக உட்கார்ந்துகொள்ளும். ஒரே குறை, நிறம். அசல் ஈறின் இளஞ்சிவப்பு. முதல் தடவை அதைப் பார்த்த டிரைவிங் மாஸ்டர், "கடிக்காதுல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டார்.

கிளப்புக்கு வருஷத்தில் ஒரே ஒரு பெரிய போட்டி. மூன்று பேர் குழு, கூட ஒரு மாற்று ஆள். டயர்க்கடை அக்காதான் தலைவி. வரிசையில் எல்லோரும் ஒரு பக்கம் பார்த்து நின்றால் அக்கா மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி, சண்டைக்கு நிற்கிற மாதிரி நிற்பார். ஆனால் சுட்டால் சொல்லி வைத்த இடத்தில் படும். இரண்டாவது ஆள் டிரைவிங் மாஸ்டர், மூன்றாவது மருந்துக்கடைக்காரர். இவர்களில் யாருக்காவது முடியாமல் போனால் இறங்க வேண்டிய நான்காவது ஆள் பல்செட்காரர். அந்த நான்காவது இடத்தை அவர் ஒன்பது வருஷமாக யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பாருங்கள், அந்த மூன்று பேரும் கல்லுக்குண்டு மாதிரி ஆரோக்கியம். போட்டி நாளன்று ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை. வருஷா வருஷம் கிளப் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போவார், பெஞ்சில் உட்காருவார், கை தட்டுவார், திரும்பி வருவார்.

செருப்பைக் கழற்றும்போதே மனைவி கேட்பாள். "சுட்டீங்களா?"

"உக்காந்தேன்."

"சரி, கை கால் கழுவிட்டு வாங்க."

அவருக்குக் கோப்பையும் வேண்டாம், மெடலும் வேண்டாம். கிளப் சட்டையோடு அந்தக் கோட்டில் ஒரே ஒரு தடவை நின்றுவிட வேண்டும். வீட்டுக்கு வந்து, "சுட்டேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட.

வருஷத்துக்கு ஒரு போட்டி உண்டு என்றால் அதற்கு முந்தைய வாரம் ஒரு சண்டையும் உண்டு. போட்டிக்கு மாற்றுத் துப்பாக்கி எடுத்துப் போகலாமா, கூடாதா என்பதுதான் சண்டை. பல்செட்காரர் போகலாம் கட்சி, அக்கா கூடாது கட்சி.

"ஒரு துப்பாக்கி இருந்தா, குண்டு தப்பினா நம்ம கையைத் திட்டிக்குவோம். ரெண்டு இருந்தா துப்பாக்கியைத் திட்டுவோம். அப்புறம் இதை மாத்தலாமா வேண்டாமான்னு மனசு பெட்டிக்குள்ளயே கிடக்கும்."

"வண்டியில ஸ்டெப்னி எதுக்குக்கா இருக்கு? டயர்க்கடை வெச்சிருக்கற நீங்களே இப்படிப் பேசினா எப்படி?"

"ஸ்டெப்னி இருக்குங்கற தைரியத்துலதான் தம்பி பாதிப் பேரு காத்துப் பாக்காம வண்டியை எடுக்கறாங்க. அவங்களாலதான் என் கடையே ஓடுது."

"பத்து வருஷத்துல ஒரு தடவை உதவினாப் போதும்க்கா."

அதுவரை மருந்துச் சீட்டைப் படிக்கிற முகத்தோடு சும்மா இருந்த மருந்துக்கடைக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அட விடுங்க சார். இத்தனை வருஷமா ஒரு தடவைகூட வெளிய எடுக்காத ஒண்ணை எதுக்கு வேன்ல ஏத்திக்கிட்டு அலையணும்?"

அவர் துப்பாக்கியைத்தான் சொன்னார். பல்செட்காரருக்கும் அது தெரியும். இருந்தாலும் சுருக்கென்று தைத்தது. எழுந்து கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடித்ததும் இரண்டாவது கண்ணாடியையும் எடுத்துத் துடைத்தார். "இந்த வருஷம் ஆளுக்கு ஒரு பெட்டிதான்," என்று அக்கா தீர்ப்புச் சொன்னபோது நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

ஆட்டினாரே தவிர, கேட்கிற ஆளா அவர்? போட்டி நாளன்று சாப்பாட்டுப் பையின் அடியில், துவாலைக்குள் சுருட்டி, இரண்டாவது பெட்டியும் வேனில் ஏறியது. போட்டி அரங்கில் எல்லோரும் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துப் பரிசோதனை மேசைக்குப் போய் அதற்கும் சரிபார்த்த ஸ்டிக்கர் ஒட்டி வாங்கிக்கொண்டார். அதிகாரி ஈறு நிறக் கைப்பிடிகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மேல் வரிசை எது, கீழ் வரிசை எது?" என்று கேட்டார்.

போட்டி தொடங்க இருபது நிமிஷம் இருக்கும்போது அது நடந்தது. அக்கா தன் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளேயிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம். காற்றுக்குழாயின் சீல் போய்விட்டது. ஊர் வண்டிக்கெல்லாம் காற்றடைக்கிற அக்காவின் துப்பாக்கியில் ஒரு பொட்டுக் காற்று நிற்கவில்லை. மருந்துக்கடைக்காரர் மற்ற குழுக்களிடம் ஓடினார். போட்டிக்கு நிற்கிற நேரத்தில் தன் துப்பாக்கியை யார் தூக்கிக் கொடுப்பார்கள்? போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"பல்செட் இருக்காருல்ல," என்றார் டிரைவிங் மாஸ்டர். "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நடுவர்கிட்ட பேரு கொடுத்துட்டாப் போதும்."

பல்செட்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒன்பது வருஷம் காத்திருந்தது தானாக மடியில் வந்து விழுந்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். சாப்பாட்டுப் பையின் அடியில் என்ன இருக்கிறது என்பது அங்கே ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. பையைக் காலால் மெல்ல பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்.

தள்ளிய கையோடு சும்மா இருந்திருக்கலாம். தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்துத் தொலைத்துவிட்டார். வருஷம் முழுக்க, கடையைப் பூட்டிவிட்டு வந்து தினமும் நூறு குண்டு பழகிய மனுஷி. டயர் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன இரண்டு கைகளும் வேலையில்லாமல் மடியில் கிடந்தன. யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெஞ்சில் அப்படி உட்காருவது எப்படியிருக்கும் என்று பல்செட்காரருக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? அவருக்குப் பாவமாக இருந்தது. கூடவே நாக்கும் அரித்தது, அதையும் மறைக்கக் கூடாது. 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் இந்தப் பிறவியில் வருமா?

குனிந்தார், துவாலையைப் பிரித்தார், பெட்டியை அக்கா மடியில் வைத்தார்.

"ஒரு தடவை உதவினாப் போதும்னு சொன்னேன்ல. ஸ்டிக்கர்கூட ஒட்டியாச்சு. எடுத்துக்குங்க."

பல்செட்காரர் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அக்கா பெட்டியைத் திறந்தார், துப்பாக்கியை எடுத்தார், பிடித்துப் பார்த்தார். பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு முட்டியது. திருப்பிப் பிடித்தார். மேடு வேறு பக்கம் முட்டியது.

"தம்பி," என்றார் அக்கா. "நான் எந்தக் கையால சுடறேன்?"

பல்செட்காரர் தன் கையைப் பார்த்தார், அக்காவின் கையைப் பார்த்தார். இடக்கை. ஒன்பது வருஷமாகப் பெஞ்சில் உட்கார்ந்து அந்த இடக்கையைத்தான் பார்த்துக் கை தட்டியிருக்கிறார். வருஷா வருஷம் மாற்றுத் துப்பாக்கிக்காகத் தொண்டை கிழியக் கத்தினாரே, அது யார் கைக்குப் பொருந்தும் என்று ஒரு வருஷமாவது யோசித்தாரா? அவர் கைக்கென்றே வார்த்த பிடி அவர் கைக்கு மட்டும்தான் ஆகும். அக்காவின் பிடியைக் கழற்றி இதில் மாட்டலாமென்றால் திருகு துளையே வேறு.

டிரைவிங் மாஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை. பல்செட்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை வெளிய எடுக்காம இருந்திருந்தா நீ பாட்டுக்குப் போய்ச் சுட்டிருக்கலாமே."

"ஆமாக்கா."

"தெரிஞ்சேதான் எடுத்தியா?"

"தெரிஞ்சேதான்க்கா."

அக்கா துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "மாத்துத் துப்பாக்கி வேண்டாம்னுதான் நான் சொன்னேன். மாத்து ஆளு வேண்டாம்னு ஒரு வருஷமாவது சொல்லியிருக்கேனா? போ. போய்ப் பேரைக் கொடு. இனி யோசிக்காத, நில்லு."

நின்றார். முதல் குண்டு ஆறில் போய் விழுந்தது. துப்பாக்கியில் ஏதோ கோளாறு என்று உடனே தோன்றியது. அதை மாற்றினால் சரியாகிவிடும் என்றும் தோன்றியது. மெல்லத் திரும்பிப் பார்த்தார். அக்கா அந்த இரண்டாவது பெட்டியைப் பெஞ்சில் வைத்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். இந்த ஜென்மத்தில் எழுந்திருக்கிற உத்தேசம் இல்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. பல்செட்காரர் முன்னால் திரும்பினார். இனித் திட்டுவதற்குக் கை மட்டும்தான் இருந்தது. திட்டினார். அடுத்த குண்டு ஒன்பது.

நாற்பது குண்டு முடிந்தபோது முந்நூற்று ஐம்பத்தெட்டு. போன வருஷம் நான்காவதாக வந்த குழு இந்த வருஷம் ஐந்தாவதாக வந்தது. மருந்துக்கடைக்காரர் அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அது பாராட்டா கோபமா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"சுட்டீங்களா?"

"சுட்டேன்."

உள்ளே அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது. மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வெளியே வந்து, அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். "உக்காருங்க," என்றாள். "முதல் குண்டுலேருந்து சொல்லுங்க." அந்த ஆறைப் பற்றி மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை.

அக்கா ரோஷக்காரர். அடுத்த மாதமே இடக்கைக்கென்று இரண்டாவது துப்பாக்கி ஒன்று வாங்கிவிட்டார். பல்செட்காரரே அக்காவின் உள்ளங்கையை அச்செடுத்து, ஈறு நிறத்தில் கைப்பிடி வார்த்தார். வார்த்துப் பத்து மாதம் ஆயிற்று. கேட்கும்போதெல்லாம், "இன்னும் காயணும்க்கா," என்பார். அடுத்த போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது அக்கா நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டார். அலமாரியில் பல் வரிசைகளுக்கு நடுவே பிடி உட்கார்ந்திருந்தது. அதை எடுத்து விரலை மடக்கித் தட்டினார். கல்லைத் தட்டியதுபோல் டொக்கென்றது.

"இன்னும் காயலையா?"

"உள்ள ஈரம் இருக்குக்கா," என்றார் பல்செட்காரர், தலையைத் தூக்காமல்.

"என் கீழ்ப் பல்செட்டு உடைஞ்சப்ப இதே சாமான்ல ஒட்டிக் கொடுத்தியே, அது கால் மணி நேரத்துல காஞ்சுதே."

"வாய் வேற, கை வேறக்கா."

அக்கா அந்தப் பிடியைப் பிடித்துப் பார்த்தார். இடக்கையில் கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு அதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"சரி தம்பி, நல்லா காயட்டும். போட்டி முடிஞ்சு வாங்கிக்கறேன்." வாசல்வரை போனவர் நின்றார். "நீ உன்னோடது ரெண்டையும் எடுத்துட்டு வா. வேன்ல இடம் நான் பாத்துக்கறேன்."