ஏழாம் அத்தியாயத்தில் நூற்றுப்பன்னிரண்டு பிழை

ராயபுரத்தில் ஐஸ் குடோனுக்கு மேல்மாடியில், கணக்குப் பாடப் புத்தகங்களை அச்சுக்குத் தயார் செய்யும் ஆபீஸ் ஒன்று. அங்கே கம்ப்யூட்டர் அடம் பிடித்தால் ஜெரினாவைத்தான் கூப்பிடுவார்கள். பத்தாவதில் கணக்கில் இரண்டு தடவை ஃபெயிலானவள். அதை அவளே பெருமையாகச் சொல்வாள். சூத்திரங்களுக்கு அர்த்தம் தெரியாது. திறந்த அடைப்புக்குறியை எவனாவது மூடாமல் விட்டால் மட்டும் எப்படியும் பிடித்துவிடுவாள்.

ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. இப்போது கையில் இருக்கும் புத்தகம் ஒழுங்காக முடிந்தால் நிரந்தரம் என்று மேனேஜர் பிரகாஷ் சொல்லியிருந்தான். அந்த நேரம் பார்த்து ஏழாம் அத்தியாயம் நூற்றுப்பன்னிரண்டு பிழை காட்டியது.

"இன்னாக்கா, இம்மாம் தப்பு கீது?" பிரகாஷுக்கு வேர்த்துவிட்டது.

"தப்பு ஒண்ணுதான் நைனா. மிச்சமெல்லாம் சாவு வூட்டுக்குக் கூட அழ வந்த கும்பலு," என்றாள் ஜெரினா.

வரிக்கு முன்னால் ஒரு சதவீதக் குறி போட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. அப்படிப் பாதி அத்தியாயத்தை மறைத்து, பிழை எந்தப் பாதியில் என்று பார்ப்பது அவள் வழக்கம். அன்றும் அப்படிப் பார்த்ததில் நாற்பத்துமூன்றாம் சூத்திரத்தில் மூடாத அடைப்பு ஒன்று மாட்டியது. மூடினாள். பிழை பூஜ்யம். பிரகாஷ் சமோசா வாங்கிக் கொடுத்துவிட்டு, பக்கங்களை நூலாசிரியரான பேராசிரியர் திருமலைக்கு அனுப்பினான்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. 'வரிவரியாகப் படித்தேன். அருமை. அச்சுக்கு அனுப்பலாம்.'

பிரகாஷ் அவளுக்கு வேலைக் கடிதம் டைப் பண்ண உட்கார்ந்தான். அப்போதுதான் ஜெரினாவுக்குச் சுருக்கென்றது. மறைத்த வரிகளைத் திறக்கவே இல்லை. முப்பது பக்க அத்தியாயம் பதினாலு பக்கமாகப் போயிருக்கிறது. வாயை மூடிக்கொண்டால் வேலை நிரந்தரம். ஆனால் பாதிக் கணக்கை வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு பிள்ளை பரீட்சைக்கு முந்தின நாள் திருதிருவென்று முழிக்குமே. முழித்தவளுக்குத்தானே அந்த வேதனை தெரியும். மாடிப்படிக்குப் போய்ப் பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

"சார், நான் ஜெரினா, ஆபீஸ்லேந்து. பாதி அத்தியாயம் வுட்டுப்போச்சு சார், பதினாறு பக்கம். தப்பு என்னுதுதான். பிரகாஷாண்ட நானே சொல்லிட்றேன்."



"அம்மா," என்றார் பேராசிரியர், குரலைத் தாழ்த்தி. "அவர்கிட்ட எதுக்கும்மா சொல்லணும்? முழு அத்தியாயத்தையும் எனக்கு மட்டும் அனுப்புங்க. நான் வரிவரியா படிச்சேன்னு எழுதிக் கொடுத்துட்டேனே."

ஜெரினா மூச்சு விட்டாள்.

"அனுப்பறேன் சார். இந்த தபா மெய்யாலுமே படிங்க."