ஊர்வலத்தில் நிற்கும் முகங்கள்

குண்டசாலையில் எங்கள் முருகன் கோயில் மண்டபச் சுவரில் சுவாமியின் திருமண ஊர்வலத்தைத் தன் செலவில் வரையவைக்க, கண்டியில் அடகுக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் தானாக முன்வந்தார். அதற்கு முன் அவர் கொடுத்தவை: மின்விசிறிகள், கூரைத் தகடு, அன்னதான அண்டா. எதிலும் தன் பெயர் வேண்டாம் என்றார். டியூப் லைட்டிலும் பெயர் எழுதி வெளிச்சத்தை மறைக்கும் ஊரில் இது எனக்கு நல்லதாகப் படவில்லை.

அப்போது நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சியில் இருந்தேன். கட்டடக்கலை வரலாறு எடுத்த யாழ்ப்பாணத்து ஆசிரியர், பழைய இத்தாலிய வங்கிக் குடும்பம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். புளோரன்ஸ் நகரை அவர்கள் முடிசூடாமலே ஆண்டார்களாம். பதவிக்கு ஆள் எடுப்பது சீட்டுக் குலுக்கி. பைக்குள் எந்தப் பெயர் போகலாம் என்பதை அவர்களுடைய ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். குழந்தை இயேசுவைக் காணப் போகும் அரசர்களின் ஊர்வலத்தையும் அவர்கள் காசு கொடுத்து வரையவைத்தார்கள்.

அந்தப் படத்தைத் திரையில் போட்டு, "அரசரைப் பாக்காதேங்கோ பிள்ளையள், பின்னால நிக்கிறவையைப் பாருங்கோ," என்றார். பின்னால் நின்றவர்கள் அந்தக் குடும்பமும் கூட்டாளிகளும்.

எங்கள் கோயில் சபைத் தலைவரையும் திருவுளச்சீட்டில்தான் எடுப்பார்கள். சந்நிதியில் செம்புக்குள் சீட்டுகளைப் போட்டு, ஒரு குழந்தையை விட்டுச் சீட்டொன்றை எடுக்கவைப்பார்கள். முருகனின் முடிவு என்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. எந்தப் பெயர்களைப் போடுவது என்பது செயலாளர் பொறுப்பு. செயலாளர் என் அப்பா. முதலாளி தலைவரானால் மண்டபத்துக்கு வாடகை வைப்பார், தேயிலைத் தோட்டத்துச் சனத்தின் கல்யாணங்கள் இனி அங்கே நடக்காது, அதனால் அவர் பெயரைப் போடமாட்டேன் என்று வீட்டில் சொன்னவரும் அப்பாதான்.

மண்டபச் சுவரில் படம் முடிந்ததும் போய்ப் பார்த்தேன். யானைக்குப் பக்கத்தில் பட்டுத் தலைப்பாகையுடன் முதலாளி. அது நான் எதிர்பார்த்ததுதான். அவருக்குப் பின்னால் குடை பிடித்து நின்றவர் அப்பா.

"மூக்குக்கண்ணாடியக்கூட விடல பாத்தியா," என்று அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"முருகன் கல்யாணத்துல மூக்குக்கண்ணாடி ஏதுப்பா?"

"அது இல்லாட்டி நான்தான்னு யாருக்கும்மா தெரியும்?"

"அவரு பேரு செம்புக்குள்ள போகுதா?"

"போட்டா என்ன? எடுக்கப்போறது முருகன்தானே."

"வேற யார் யார் பேரு?"

அப்பா சுவரை நெருங்கி, குடைக்காம்பில் வண்ணம் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார்.