வெள்ளை சீட்டு

எலக்ட்ரிக் கார் பதிவு செய்ய இன்று மதுரை ஷோரூம் போனோம். பெட்ஷீட் முதல் சோபா வரை மனைவி தேர்ந்தெடுத்த பழுப்பிலும் சாம்பலிலுமே ஐம்பது வயதைக் கடந்தவன் நான். காருக்குள்ளாவது வெள்ளை சீட்டு வேண்டும் என்பது ஒரு மாதக் கனவு.

முதலில் டயர். இரண்டு வகை காட்டினார்கள்.

"ஏம்மா, கருவ முள்ளு ஏறுனா எது தாங்கும்?" என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டாள் என் மனைவி.

"ரெண்டுமே தாங்காது மேடம். ஸ்டெப்னியும் கிடையாது."

"சரி விடு. திருச்சுழி ரோட்டுல நின்னா எங்கண்ணன் டிராக்டரு வந்து இழுத்துரும்."

அடுத்தது சீட்டு. சண்டைக்குத் தயாராக நின்றேன். அவளோ, "ஒங்க ஆசைக்கு வெள்ளையே போடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

தடுக்க ஆளே இல்லை. மச்சானின் கரிசல் அப்பிய செருப்பும் வெற்றிலை வாயும் மட்டும் கண்முன் வந்துபோயின.

"அழுக்குத் தெரியாத கலர் எது இருக்கு?" என்று கேட்டது என் குரல்தான்.

கறுப்பு வருகிறது. இந்த அழுக்குப் பய வியாதியிலிருந்து குணமானவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.